விசுவாசத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்

(திருக்குடும்பத் திருவிழா அன்று பங்கு மண்டபத்தில் பெற்றோர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவு)

  

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை திருக்குடும்பத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. இயேசு, மரியா, சூசை என்று மூவர் வாழ்ந்த நாசரேத்து வீட்டை நினைக்கும் நாள் இது. அந்த வீட்டை நினைத்துவிட்டு, நம் வீட்டைப் பார்க்காமல் போகலாமா? அதனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி: நம் பிள்ளைகளின் விசுவாசம் எங்கே வளர்கிறது? யாரால் வளர்கிறது?

இந்தக் கேள்வியைப் பெற்றோரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரு பதில்தான் வரும். "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மறைக்கல்விக்கு அனுப்புகிறோமே!" நல்லது. அனுப்புங்கள். ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் திருப்பலிக்கு ஒரு மணி, மறைக்கல்விக்கு ஒரு மணி. மீதி 166 மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூட நேரத்தைக் கழித்தாலும், பெரும்பகுதி உங்கள் வீட்டில்தானே இருக்கிறது! ஒரு மணி நேரத்தில் மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லிக்கொடுப்பதை, மீதி நேரமெல்லாம் உங்கள் வீடு ஆமோதிக்கவும் செய்யும், அழித்துவிடவும் செய்யும்.

உங்கள் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். குழந்தையை ஏந்திக்கொண்டு கோவில் வாசலில் நின்றீர்கள். குரு முதலில் குழந்தையின் பெயரைக் கேட்டார். பிறகு, இந்தக் குழந்தைக்குத் திருச்சபையிடமிருந்து என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டார். அதன் பிறகு முக்கியமான கேள்வி ஒன்றைக் கேட்டார். இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் கடமையை ஏற்கிறீர்கள், அது உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று சொன்னது யார்? பங்குத்தந்தையா? மறைக்கல்வி ஆசிரியரா? நீங்கள்! ஞானப்பெற்றோரோடு சேர்ந்து நீங்கள்தான் சொன்னீர்கள்.

அடுத்து நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். வரைந்துவிட்டு, உங்களையும் வரையச் சொன்னார். அப்பாவின் கட்டைவிரல், அம்மாவின் கட்டைவிரல், ஞானத்தந்தை, ஞானத்தாயின் கட்டைவிரல், எல்லாம் அந்தச் சின்ன நெற்றியில் பட்டன. பேச்சு வராத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு நீங்கள் நடத்திய முதல் மறைக்கல்வி வகுப்பு அதுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கத்தில் இதைத்தான் உறுதிப்படுத்தியது. கிறிஸ்தவக் குடும்பத்தை அது இல்லத் திருச்சபை என்று அழைத்தது. பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிக்க வேண்டியவர்கள் பெற்றோர் என்றது. மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள் இரண்டாமவர்கள். முதலாமவர்கள் நீங்கள். இதைக் கேட்டதும் சிலருக்குப் பயம் வரும். "எனக்கு விவிலியமே சரியாகத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்பீர்கள். பயப்பட வேண்டாம். நான் உங்களைப் பாடம் நடத்தச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. விசுவாசத்தைப் பிள்ளையின் காதில் மட்டும் போடாதீர்கள். பிள்ளையின் கையில் கொடுங்கள்! செய்வதற்கு ஒரு வேலையாக, சுமப்பதற்கு ஒரு பொறுப்பாகக் கொடுங்கள்.

கரையில் நின்று பாடம் கேட்டு நீந்தக் கற்றவர் யாரும் உண்டா? தண்ணீரில் இறங்கினால்தானே நீச்சல் வரும்! செபமும் அப்படித்தான், இரக்கமும் அப்படித்தான், மன்னிப்பும் அப்படித்தான்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நம் தமிழ்க் கரையில் ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்து காட்டினார். புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, தானும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஆட்டிக்கொண்டே போனார். யாரைக் கூப்பிட? பிள்ளைகளை! பிள்ளைகள் கூடினார்கள், செபம் கற்றார்கள். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்.

அதோடு நின்றாரா? இல்லை. நோயாளிகளின் வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் ஒருவரே எப்படிப் போக முடியும்? செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டி வைத்து, விசுவாச அறிக்கையைச் சொல்லி, நோயாளிக்காக மன்றாடினார்கள். 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதை விவரித்திருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள்! புதிதாகக் கிறிஸ்தவர்களான ஊர்கள் அவை. அங்கே நோயாளியின் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் சின்னப் பிள்ளைகள். "நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் உட்கார்" என்று அந்தப் பெரிய புனிதர் சொல்லவில்லை. விசுவாசத்தைக் கையில் கொடுத்து, போ என்று அனுப்பினார். அந்தக் கரை அந்த விசுவாசத்தை இன்றுவரை கைவிடவில்லை.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் தமிழ் கற்றுத் தேர்ந்தவர். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் நூல். 16 பக்கங்கள்தான். அந்த 16 பக்கங்களில் என்ன இருந்தது? செபங்களும் ஞானோபதேசமும்! வீட்டிலும் வீதியிலும் சாதாரண மக்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறியது இதற்காகத்தான் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பெருமைப்படட்டும்!

இன்னொரு வீட்டைக் காட்டுகிறேன். பிரான்சு நாட்டில் அலான்சோன் என்ற ஊர். லூயி மார்ட்டின் கடிகாரக் கடை வைத்திருந்தவர். அவருடைய மனைவி செலி, சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். 1858ஆம் ஆண்டு திருமணம். ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள், நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடைசிக் குழந்தைதான் நாம் சிறுமலர் என்று கொண்டாடும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. அவளுக்கு நாலரை வயதாக இருக்கும்போது அம்மா புற்றுநோயில் இறந்தார். வேலை, வியாபாரம், வீட்டில் நோய், பிள்ளைகளின் சாவு என்று நம் வீடுகளில் இருக்கிற எல்லாத் துன்பமும் அந்த வீட்டிலும் இருந்தது.

அந்த வீட்டில் விசுவாசம் எப்படி வளர்ந்தது? ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று லூயி கடையை மூடினார். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இரவு செபத்தில் அப்பா முழந்தாளிட்டார். பக்கத்தில் இருந்த தெரேசா அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் புனிதர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்று தெரிந்துகொண்டாள். உலாவப் போகும்போது வழியில் ஏழை ஒருவரைக் கண்டால், லூயி நாணயத்தைத் தானே போய்க் கொடுக்கமாட்டார். மகளின் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்வார்.

ஒருநாள் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தள்ளாடித் தள்ளாடி வந்தார். தெரேசா காசை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சோகமாகச் சிரித்துவிட்டு நடந்தார். பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. அவரைப் புண்படுத்திவிட்டோமோ என்று தவித்தாள். அப்பா அப்போதுதான் வாங்கிக் கொடுத்திருந்த கேக்கைக் கொடுக்கலாமா என்று நினைத்தாள், ஓடிப்போய்க் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. புதுநன்மை வாங்கும் நாளில் கேட்கிற வரம் கிடைக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். அன்றைக்கு அவருக்காக வேண்டிக்கொள்வேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயதுதான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1884ஆம் ஆண்டு மே மாதம் புதுநன்மை வாங்கிய அன்று, மறக்காமல் அந்த ஏழைக்காக வேண்டிக்கொண்டாள்!

ஒரு பிள்ளை ஐந்து ஆண்டுகள் ஒரு செபத்தை மனதில் வைத்திருந்ததே, எப்படி? அந்தக் காசு அவள் கையில் இருந்தது. அந்த வருத்தம் அவளுடைய வருத்தமாக இருந்தது. அப்பாவே கொடுத்துவிட்டு நடந்திருந்தால் அது அப்பாவின் தர்மம், அவ்வளவுதான். லூயியையும் செலியையும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், குடும்பத்தைப் பற்றி ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்த நாட்களில், திருத்தந்தை பிரான்சிஸ் சேர்ந்தே புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கணவன் மனைவி இருவரும் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். மாலை செபத்திலிருந்து தொடங்குவோம். செபமாலை சொல்லும்போது பல வீடுகளில் என்ன நடக்கிறது? பெரியவர்கள் வேகமாகச் சொல்கிறார்கள். பிள்ளை கொட்டாவி விடுகிறது, சுவரில் பல்லியைப் பார்க்கிறது, "ஒழுங்காகச் சொல்லு" என்று ஒரு அதட்டல் வாங்குகிறது. இப்படி ஒரு மாதம் போனால் செபமாலை என்றாலே பிள்ளைக்கு அதட்டல்தான் நினைவுக்கு வரும். இதை மாற்றிப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு ஐந்து பத்து மணிகள் அதிகம் என்றால் ஒரு பத்து மணி போதும். ஆனால் அந்தப் பத்து மணியைப் பிள்ளை நடத்தட்டும்! மெழுகுதிரியை ஏற்ற அப்பா கூட இருந்து உதவட்டும். யாருக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

என் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமியிடம் இப்படிக் கேட்டேன். "வேன் ஓட்டுகிற அண்ணனுக்குக் காய்ச்சல், ரெண்டு நாளா வேற ஒருத்தர்தான் வர்றாங்க. அவருக்காகச் சொல்லலாம்" என்றாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மாச்சிக்கு முட்டி வலி, தம்பிக்குப் பரீட்சை, அடுத்த வீட்டு அக்காவுக்கு வேலை கிடைக்கவில்லை. மனப்பாடமாக இருந்த அருள்நிறை மரியே மன்றாட்டாக மாறியது அந்த நிமிடத்தில்தான். பிள்ளையின் கையில் கொடுங்கள்!

அடுத்து, தவக்காலம். நம் வீடுகளில் பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், புலால் விடுவார்கள். பிள்ளைக்கு அதில் என்ன வேலை? சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் நமக்கு இருக்கிறதே, அந்த ஒரு பிடியைப் பிள்ளையின் கையால் எடுத்துப் போடச் சொல்லுங்கள். சின்னக் கை, ஒரு பிடி. பானை நிறைவதை நாள்தோறும் எட்டிப் பார்க்கும். நிறைந்ததும் தேவைப்படும் வீட்டுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்குகிற வீட்டாரின் மானம் கெடாமல், சத்தம் போடாமல் எப்படிக் கொடுப்பது என்பதையும் அங்கே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

அடுத்து, கேள்விகள். பிள்ளைகள் கேட்பார்கள். "பாட்டிக்காக அவ்வளவு செபித்தோமே, கடவுள் ஏன் குணமாக்கவில்லை?" என்று கேட்பார்கள். "கடவுளை யார் படைத்தார்?" என்று கேட்பார்கள். வாயை மூடச் சொல்லாதீர்கள்! விடுதலைப் பயண நூலில், பாஸ்கா விழாவைப் பற்றிக் கட்டளை கொடுக்கும் இடத்திலேயே, இந்தச் சடங்கின் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று இருக்கிறது. யூத வீடுகளில் பாஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்கிறார் லூக்கா. அவர் சொன்ன பதில் அன்னை மரியாவுக்கே அப்போது விளங்கவில்லை. விளங்காததை அவர் மனதில் வைத்துச் சிந்தித்தார். பதில் தெரியாவிட்டால் நாமும் அப்படியே செய்யலாம். "எனக்கும் இது விளங்கவில்லை கண்ணு, வா, ஃபாதரிடம் கேட்போம்" என்று சொல்லுங்கள். பாட்டிக்காக அழுகிற பிள்ளையோடு சேர்ந்து அழுங்கள். இலாசரின் கல்லறைக்கு முன் இயேசுவே கண்ணீர் விட்டாரே!

அடுத்து, மன்னிப்பு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போ என்று பிள்ளையை வரிசையில் நிறுத்துகிறோம். நாம் மன்னிப்புக் கேட்டுப் பிள்ளை பார்த்திருக்கிறதா? கணவன் மனைவி சண்டை பிள்ளையின் முன்னால் நடக்கிறது, சமாதானம் மட்டும் பிள்ளை தூங்கின பிறகு நடக்கிறது. இது நியாயமா? குடும்பத்தில் மூன்று சொற்கள் இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்: அனுமதி கேட்கும் சொல், நன்றி சொல்லும் சொல், மன்னிப்புக் கேட்கும் சொல். அப்பா அம்மாவைப் பார்த்து, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லட்டும். ஒப்புரவு அருளடையாளத்துக்கு இதைவிடச் சிறந்த தயாரிப்பு வகுப்பு எங்களால் நடத்த முடியாது.

இங்கே தகப்பன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செபம் சொல்வது அம்மாவின் வேலை, கோவிலுக்குக் கூட்டிப்போவது பாட்டியின் வேலை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தமிழில் கிறிஸ்தவக் காப்பியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேம்பாவணி. வீரமாமுனிவர் 3615 பாடல்களில் பாடியது யாரைக் காப்பியத் தலைவராக வைத்து? அரசனையா? போர்வீரனையா? மரவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய சூசையப்பரை! வளன் என்று பெயர் சூட்டிப் பாடினார். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் எழுந்தார், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு நடந்தார், ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேமுக்குப் போனார். பேச்சு வராத தகப்பன்மார்களே, உங்களுக்கு இதைவிட நல்ல பாதுகாவலர் உண்டா? நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம். இரவு பிள்ளை படுக்கப் போகும்போது அதன் நெற்றியில் ஒரு சிலுவை வரையுங்கள். உங்கள் நெற்றியில் வரையப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தாத்தா பாட்டிமார்களே, உங்களை மறக்கவில்லை. புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும், பிறகு தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார். உங்களிடம் கதை இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட நம் தேவசகாயம், குமரி மண்ணின் நட்டாலத்தில் பிறந்து குடும்ப வாழ்க்கை வாழ்ந்தவர். ஆரல்வாய்மொழியில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். வெளியூரில் பிள்ளை இருந்தால் வீடியோ அழைப்பில் சொல்லுங்கள். கைபேசி அதற்கும் பயன்படட்டும்!

இன்னும் ஒரு வேதனை இந்த மண்டபத்தில் சில பேர் நெஞ்சில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "எல்லாம் செய்தோம். பீடப்பிள்ளையாக இருந்தவன் இன்று கோவில் பக்கமே வருவதில்லை." அந்தப் பெற்றோருக்குப் புனித மோனிக்கம்மாளைச் சொல்கிறேன். மகன் அகுஸ்தீன் வேறு கொள்கையில் போய் விழுந்தபோது, முதலில் அந்தத் தாய் அவனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே மேசையில் சாப்பிடவும் மறுத்தார். பிறகு ஒரு கனவு கண்டார். தான் நிற்கும் இடத்திலேயே மகனும் வந்து நிற்பதாகக் கண்டார். உடனே மகனைத் தன் வீட்டில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார். அழுதார், செபித்தார், கடல் கடந்து அவன் பின்னாலேயே போனார். கி.பி. 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழிப்பில், மிலான் நகரில், ஆயர் அம்புரோசியாரின் கையால் அந்த மகன் திருமுழுக்குப் பெற்றதைத் தாய் கண்ணால் கண்டார். பெற்றோர்களே, செபத்தையும் விடாதீர்கள், சாப்பாட்டுத் தட்டையும் எடுத்து வைக்காமல் இருக்காதீர்கள். வராத பிள்ளைக்கு வீட்டு வாசல் திறந்தே இருக்கட்டும்!

அன்பர்களே, பெரிய திட்டம் எதுவும் போட வேண்டாம். மூன்று காரியம் மட்டும் செய்யுங்கள். ஒன்று, பிள்ளை திருமுழுக்குப் பெற்ற தேதியைத் தேடி எடுத்து நாள்காட்டியில் குறியுங்கள். அந்த நாளில் திருமுழுக்கு மெழுகுதிரியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஏற்றிக் கொண்டாடுங்கள். இரண்டு, இந்த வாரம் ஒரு நல்ல காரியத்தை உங்கள் கையால் செய்யாமல் பிள்ளையின் கையால் செய்ய வையுங்கள். மூன்று, இன்று இரவே, "கண்ணு, இன்றைக்கு செபத்தை நீதான் நடத்த வேண்டும்" என்று சொல்லிப் பிள்ளையின் கையில் செபமாலையைக் கொடுங்கள்.

தடுமாறும். நடுவில் மறந்துபோகும். பத்துக்குப் பதிலாக எட்டு மணியில் நிறுத்திவிடும். திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். கூடவே முழந்தாளிட்டுப் பதில் செபம் சொல்லுங்கள். நம் கடற்கரையில் செபம் கற்ற பிள்ளைகளை நம்பி நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பினார் சவேரியார். நம் சொந்த வீட்டுச் செபத்தை நம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்க நமக்கு என்ன தயக்கம்? நம்புங்கள், கொடுங்கள், இன்றே தொடங்குங்கள்! உங்கள் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.